வலி இல்லைங்க, டொக்டர்

பதினொரு வருட காலம் நான் ஆழமான மனிதனாக வாழ்ந்தேன். அதற்காக நான் எந்த முயற்சியும் எடுக்கவில்லை. மேல்வரிசையில் முன்பற்கள் நான்கு இல்லை, அவ்வளவுதான். சிரிப்பு வந்தால் உதட்டை மூடிக்கொண்டு மூக்கால் மெல்ல மூச்சு விடுவேன். பார்க்கிறவர்கள் அதை ஞானம் என்று எடுத்துக்கொண்டார்கள். கண்டியில் ஓர் அரச காரியாலயத்தில் சிங்களச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவது என் வேலை. கூட்டங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும்போது நான் மட்டும் வாயை இறுக்கிக்கொண்டு தலையாட்டுவேன். "அவர் அளந்துதான் பேசுவார்" என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை வைத்து இரண்டு சங்கங்கள் என்னைத் தலைவராக்கின. நன்றியுரை சொல்லும் செயலாளர் பதவி தந்திருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

பற்கள் போன கதையில் வீரம் ஏதுமில்லை. முதலாவது பல் ஒரு கற்கண்டுக் கட்டியிடம் தோற்றது. அடுத்த இரண்டும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தன. புசல்லாவைக்குப் போகும் பஸ்ஸில், கம்பியைப் பிடிக்காமல் இரண்டு கையாலும் ஒரு தடித்த புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வாசித்துக்கொண்டு போனேன். வளைவில் எதிரே லொறி வர, சாரதி பிரேக்கை மிதித்தார். வாசிப்பு மனிதனை உயர்த்தும் என்று பாடசாலையில் சொல்லித் தந்திருந்தார்கள். அன்று என்னை அது முன்னால், இருக்கைக் கம்பியின் மேல்தான் தள்ளியது. நான்காவது பல் தோழர்கள் இல்லாத இடத்தில் இருக்கப் பிடிக்காமல் தானாகவே விடைபெற்றது.

வைத்தியம் பார்க்க வழியில்லை என்று சொல்ல முடியாது. நகரத்தில் ஒரு தனியார் பல் வைத்தியரிடம் ஒருமுறை போனேன். அவர் சொன்ன தொகையைக் கேட்டு என் வாய் தானாகத் திறந்தது. அவருக்குப் பார்க்க வசதியாக இருந்தது. ஆனால் நான் திரும்பிப் போகாததற்குத் தொகை பாதிக் காரணம்தான். மீதிப் பாதி பயம். ஐம்பது வயது தாண்டியவன் பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு, செலவு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மனைவி ஆசிரியை. ஒரு நாள் பாடசாலை விட்டு வந்ததும் குடையை மூலையில் சாத்திவிட்டு ஒரு செய்தி சொன்னாள்.

"என்னங்க, பேராதனையில பல்லு டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க ஆள் தேடுறாங்களாம்."

"எதுக்கு?"

"பல்லுக் கட்டிப் பழக. முன்பல்லு இல்லாத ஆளாத்தான் வேணுமாம். உங்களுக்கு எல்லாத் தகுதியும் இருக்கு."

"நம்ம மேல பழகுவாங்களே?"

"பழகட்டுமே. நான் இருபத்திரண்டு வருசமா உங்க மேல பழகலையா?"

அடுத்த கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பேராதனைக்குப் பஸ் ஏறினேன்.

நம்முடைய நாட்டில் நோயாளிதான் டொக்டரைத் தேடிப் போய், இலக்கம் எடுத்து, வரிசையில் நின்று, முன்னால் நிற்பவரின் முதுகை மனப்பாடம் செய்ய வேண்டும். இங்கே டொக்டராகப் போகிறவர் நோயாளிக்காகக் காத்திருந்தார். அந்த மண்டபத்தில் இரு பக்கமும் நீளமான பச்சைக் கதிரைகள். ஒவ்வொரு கதிரையிலும் கூரையைப் பார்த்துத் திறந்திருக்கும் ஒரு வாய். ஒன்றில் ஒரு பிக்கு. ஒன்றில் பஸ் நடத்துனர். ஒன்றில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர், கழற்றிய செருப்பைத் தொலைந்துவிடும் என்று மடியில் வைத்துக்கொண்டு. வாயைத் திறந்துவிட்டால் பெரிய மனிதர் என்று யாருமில்லை. எல்லோருக்கும் ஒரே வெளிச்சம், ஒரே தண்ணீர்க் கோப்பை. ஒருவரிடமும் ஒரு சதம் கேட்கவில்லை.

எனக்குக் கிடைத்த பிள்ளைக்கு இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி, யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"அங்கிள், வாயைத் திறவுங்கோ. ஓம்... இன்னும் கொஞ்சம்."

'அங்கிள்' என்றது கொஞ்சம் நொந்தது. அன்றைக்கு நொந்தது அது மட்டும்தான்.

"சரிங்க, டொக்டர்."

"நான் இன்னும் டொக்டர் இல்லை, அங்கிள். உங்கட பல்லுத்தான் என்னை டொக்டராக்கோணும்."

பிறகு அவள் விஷயத்தை விளக்கினாள். அவர்கள் ஒவ்வொருவரும் ஓர் ஆளுக்கு முதல் அச்சு எடுப்பதிலிருந்து கடைசி வரைக்கும் தாங்களே கழற்றிப் போடும் முன்பல் பிளேட் ஒன்று செய்து முடிக்க வேண்டும். முடித்ததைத் தங்களுக்குப் படிப்பிக்கும் மெடத்திடம் காட்டிக் கொப்பியில் ஒப்பம் வாங்க வேண்டும். ஒப்பம் இல்லாவிட்டால் சோதனைக்கு இருக்க முடியாது.

"எனக்கு முதல் வந்த ஐயா மூண்டு தரம் வந்திட்டு நிண்டிட்டார். மகளின்ர வீட்டுக்குக் கொழும்புக்குப் போயிட்டாராம். இப்ப எனக்கு எட்டுக் கிழமைதான் மிச்சம். நீங்களும் இடையில நிண்டால் என்ர பட்ச் எல்லாம் சோதினை எழுதிப் போக, நான் ஆறு மாசம் பிந்தி இதே கதிரைக்குப் பக்கத்தில நிப்பன். வீட்டில அம்மா நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறா."

"வராம விடமாட்டேனுங்க, டொக்டர்," என்றேன். என் வாயில் பல் இல்லாமல் இருப்பது ஒருவரின் வாழ்க்கைக்கு இவ்வளவு தேவைப்படும் என்று நான் நினைத்ததே இல்லை. சங்கத் தலைவர் பதவியில்கூட இந்தப் பெருமை இருக்கவில்லை.

வாக்குத் தவறவில்லை. கிழமைக்கு ஒரு நாள் போனேன். முதல் நாள் ரோஸ் நிறக் களி போன்ற ஒன்றைத் தகட்டில் குழைத்து வாய்க்குள் அழுத்தினாள். அது தொண்டைப் பக்கம் நகர்ந்தது. என் கால்கள் இரண்டும் தாமாக மேலே எழும்பின.

"மூக்கால மூச்சு விடுங்கோ, அங்கிள்."

அதில் எனக்குப் பதினொரு வருடப் பயிற்சி இருந்தது.

இன்னொரு நாள் பல்லின் நிறம் பார்த்தார்கள். சின்னப் பற்களை வரிசையாகக் கோத்த ஒரு சட்டத்தை என் கன்னத்தருகே பிடித்தாள். நான் இருப்பதிலேயே வெள்ளையான ஒன்றைச் சுட்டிக் காட்டினேன். அந்தப் பக்கமாக வந்த மெடம் நின்று பார்த்தார். அவர் அந்தப் பிரிவின் பேராசிரியை. நரைத்த குட்டை முடி, தட்டையான செருப்பு, எதையும் இரண்டு தரம் சொல்லாத குரல். சிங்களத்தில் சொன்னார்: "அது நாளைக்குக் கல்யாணம் முடிக்கிற பொடியனுக்கு. இவருக்கு நாளைக்கு ஆறு கோப்பை தேநீர் குடிக்கிறவரின் நிறத்தைக் கொடு." ஆறு என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை தெரியவில்லை. சரியான கணக்கு.

ஐந்தாவது கிழமை பிளேட் வாய்க்குள் வந்தது. பிள்ளை ஓரங்களைச் சின்ன மெஷினால் இங்கும் அங்கும் தேய்த்து, போட்டு, கழற்றி, மறுபடியும் போட்டு, கடைசியில் ஒரு கைக்கண்ணாடியை என்னிடம் நீட்டினாள். கண்ணாடியில் இருந்தவர் எனக்கு அவ்வளவு பழக்கமில்லாதவர். உள்ளே போயிருந்த மேலுதடு வெளியே வந்திருந்தது. மூக்குக்கூடக் கொஞ்சம் சிறுத்தது போல் தெரிந்தது.

"எப்படி, அங்கிள்?"

"நல்லா இருக்குங்க," என்றேன். குரல் வேறு யாருடையதோ போல் வந்தது.

முதல் கிழமை மென்மையானதாகப் பார்த்துச் சாப்பிடச் சொல்லி அனுப்பினாள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் மீன் அடைத்த மாலுபாண் ஒன்று வாங்கினேன். ஓரத்தைப் பிய்க்காமல், விரல் போடாமல், நேராக முன்பல்லால் கடித்தேன். கடித்த இடத்தில் நான்கு பற்களின் தடம் ஒழுங்காகப் பதிந்திருந்தது. இரண்டாவது வாய் வைக்க மனம் வராமல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் ஒன்று போய்விட்டது.

அன்று மாலையே வலி தொடங்கியது. இடது பக்கம், மேலுதட்டுக்கு உள்ளே, பிளேட்டின் ஓரம் பல் முரசைத் தொடும் இடம். சின்னக் கல் ஒன்று செருப்புக்குள் போனது மாதிரி. அடுத்த நாள் பிள்ளை பார்க்க வரச் சொல்லியிருந்தாள். போனேன்.

"நோகுதோ, அங்கிள்?"

அவள் முகத்தைப் பார்த்தேன். பக்கத்துக் கதிரையில் அவளுடைய நண்பனின் ஆள், ஓய்வு பெற்ற புகையிரதக் காவலர் ஒருவர், கடிக்க முடியவில்லை, பேச முடியவில்லை, கொட்டாவி விட முடியவில்லை என்று முறைப்பாடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பொடியனின் முகத்தில் இரத்தமே இல்லை. என் பிள்ளைக்கு அந்த நிலைமை வேண்டாம் என்று தோன்றியது.

"வலி இல்லைங்க, டொக்டர்."

அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிக்கு நான் அடிமையாகிவிட்டேன். அடுத்த கிழமையும் அதையே சொன்னேன். அப்போது உள்ளே புண்ணாகியிருந்தது. அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்து, "இதில நல்லாச் சிவந்திருக்கே?" என்றாள்.

"வெத்தில போட்டேனுங்க."

நான் வாழ்நாளில் வெற்றிலை போட்டதில்லை. பிள்ளை கையுறையைக் கழற்றிவிட்டு, வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் வாய்க்குச் செய்யும் கேடுகளைப் பத்து நிமிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். நான் திருந்தியவனைப் போல் தலையாட்டினேன். தலையாட்டுவதில்தான் நான் கெட்டிக்காரன்.

வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருவர், கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்த என்னைக் கவனித்தார். அக்குறணைப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கும் முதலாளி, வெள்ளைத் தொப்பி, வாய் நிறையப் புதுப் பல்.

"குத்துதா, தம்பி?"

"கொஞ்சங்க."

"இந்தப் புள்ளயள்ட்ட செல்லிடாதீங்க. செல்லப் போனா இன்னும் நாலு தரம் வரச் செல்லுவாங்க. எனக்கும் இப்படித்தான் ஈந்திச்சு. ஊட்டுல வெச்சி அரத்தால ரெண்டு இழுப்பு. இப்ப பாருங்க, எறச்சியும் கடிக்கேலும்." கடித்துக் காட்டுவதற்கு இறைச்சி இல்லாததால் பற்களை டக் டக் என்று தட்டிக் காட்டினார்.

நாற்பது புத்தகங்களில் நல்லறிவு தேடியவன் நான். கடைசியில் பின்பற்றியது இந்த அறிவுரையை.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி பூசைக்குப் போயிருந்தாள். அவளுடைய நகம் ராவும் அரத்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். மூன்று இழுப்பில் வலி பாதியாகக் குறைந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வெற்றி கண்ட கை நிற்கவில்லை. இன்னும் பத்து, இன்னும் பதினைந்து. வலி முழுதாகப் போனது. கூடவே பிளேட்டின் பிடிமானமும் போனது. 'ஆ' என்று வாயைத் திறந்தால் பல் நான்கும் சேர்ந்து கீழே இறங்கி நாக்கில் உட்கார்ந்தன.

மனைவி வந்து மேசையைப் பார்த்தாள்.

"இது என்னங்க, ரோஸ் பவுடர்?"

"பல்லு."

அவள் அரத்தைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள், கையிலிருந்த செபமாலையைப் பைக்குள் போட்டாள். சண்டைக்கு முன்னால் அவள் எப்போதும் செய்வது அது.

"சுற்றறிக்கையில ஒரு கமா மாறினா வீட்டையே ரெண்டாக்குவீங்க. அந்தப் பிள்ள ராப்பகலா செஞ்சத ராவி வச்சிருக்கீங்களே!"

"வலிச்சதும்மா."

"அதை அந்தப் பிள்ளைகிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா பிள்ள மனசு நோகுமேன்னு..."

"ஆமா, இப்ப ரொம்பக் குளிரும்."

ஒப்பம் வைக்கும் நாள் அடுத்த கிழமையே வந்தது. போகும் வழியெல்லாம் நாக்கை மேலே அழுத்திப் பிளேட்டைத் தாங்கிக்கொண்டு போனேன். நாக்கை அசைக்காமல் இருந்தால் பிள்ளைக்கு ஒப்பம் கிடைத்துவிடும் என்பது என் திட்டம். கதிரையில் சாய்ந்தேன். நெஞ்சில் கடதாசித் துவாய் கட்டினார்கள். பிள்ளை கொப்பியைத் திறந்து, சரியான பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். மெடம் வந்தார்.

"உங்கள் பெயரைச் சொல்லுங்கள்," என்றார் சிங்களத்தில்.

சொன்னேன். என் பெயரில் பாதிதான் வந்தது. மீதிப் பாதியின் போது பிளேட் கழன்று விழுந்தது.

மெடம் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் இடது ஓரத்தைத் தடவினார். பிறகு பிள்ளையைப் பார்த்தார்.

"இதை வெட்டியது யார்?"

பிள்ளை குனிந்து பார்த்தாள். காது இரண்டும் சிவந்தன. "நான்தான், மெடம். கொடுத்த அன்று ஓரத்தைத் தேய்த்தேன். கூடிவிட்டது போல."

"எனக்குக் காட்டினாயா?"

"இல்லை, மெடம்."

மெடம் பேனாவை மூடினார். "இதற்கு ஒப்பமிட முடியாது. புது ஆள் ஒருவரைத் தேடு."

பிள்ளை கொப்பிக்குள் வைத்திருந்த விரலை மெதுவாக வெளியே எடுத்தாள். அந்த விரலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது என்னால் முடியவில்லை. செய்யாத பிழையை அவள் உண்மையாகவே தன் பிழை என்று நம்பிவிட்டாள். நான் எழும்ப முயன்றேன். சாய்ந்த கதிரையிலிருந்து ஒரு மனிதன் கம்பீரமாக எழும்ப முடியாது. கவிழ்ந்த ஆமை மாதிரிக் கொஞ்ச நேரம் கையை ஆட்டிவிட்டு, படுத்தபடியே சொன்னேன்.

"மெடம், அந்தப் பிள்ளை இல்லை. நான்."

"நீங்கள் என்ன?"

"நான்தான் ராவினேன். வீட்டில். மனைவியின் நகம் ராவும் அரத்தால்."

பக்கத்துக் கதிரையில் சுழன்றுகொண்டிருந்த மெஷின் நின்றது. புகையிரதக் காவலர் வாயில் குழாயோடு என் பக்கம் திரும்பினார்.

"ஏன்?" என்றார் மெடம்.

"வலித்தது."

பிள்ளை தமிழில் கேட்டாள். "நோகேல்லை எண்டுதானே சொன்னீங்கள், அங்கிள்? ரெண்டு தரமும் கேட்டனான்."

அதற்குப் பதில் சொல்ல எனக்கு நாற்பது வருடம் பின்னால் போக வேண்டியிருந்தது. ஹந்தானை மலையில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் பல்லுக்கு இருந்தது ஒரே வைத்தியம். மருந்து ஐயாவிடம் ஒரு குறடு. "வலிக்குதா?" என்று கேட்பார். "ஆமாங்க" என்றால் பல் வெளியே வரும். மருந்து வந்திருந்தால் ஊசி போட்டு, வராவிட்டால் போடாமல். சில நேரம் வலிக்கும் பல்லுக்குப் பக்கத்துப் பல்லும் வரும். அவரையும் குறை சொல்ல முடியாது. அந்தக் குறட்டைத் தவிர அவருக்கு யாரும் எதுவும் கொடுத்திருக்கவில்லை. அதனால் எங்கள் லயத்து வீடுகளின் பிள்ளைகள் எல்லோரும், கன்னம் பலாக்கொட்டை போல் வீங்கியிருந்தாலும், வெள்ளைச் சட்டையைக் கண்டால் ஒரே குரலில் சொல்வோம்: வலி இல்லைங்க, ஐயா. எங்கள் அம்மா மட்டும்தான் உண்மை பேசுகிறவர். நாற்பது வயதில் அவர் வாயில் ஒரு பல்லும் இருக்கவில்லை.

இதை மெடத்திடம் சிங்களத்தில் சொன்னேன். பிளேட் இல்லாத வாயோடு, கடதாசித் துவாயோடு, படுத்தபடி. வாழ்நாளில் நான் ஆற்றிய நல்ல உரை அதுவாகத்தான் இருக்க வேண்டும். கைதட்டல் இல்லை.

மெடம் பிளேட்டைத் தட்டில் வைத்தார்.

"இங்கே வலி என்று சொன்னால் பிடுங்கமாட்டோம்," என்றார். "பிடுங்குவதற்கு உங்களிடம் பெரிதாக மிச்சமும் இல்லை." பிறகு பிள்ளையிடம் திரும்பினார். "அவர் சொன்னதைக் கேட்டாய். சரி. வாயைப் பார்த்தாயா?"

"சிவந்திருந்தது, மெடம். வெற்றிலை என்றார்."

"வெற்றிலை போடுகிறவரின் பல் இப்படியா இருக்கும்? மற்றப் பற்களைப் பார்."

பிள்ளை பார்த்தாள். தேயிலைக் கறை மட்டும்தான் இருந்தது.

"ஓரத்தைக் கட்டித் திருத்து. உனக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. கடைசி நாள் மறுபடியும் காட்டு." போகிற போக்கில் என்னிடம் சொன்னார்: "அரத்தை மனைவியிடம் திருப்பிக் கொடுங்கள்."

அவர் போனதும் பிள்ளை கதிரையை நிமிர்த்தினாள். இவ்வளவு வேகமாக அது நிமிரும் என்று எனக்குத் தெரியாது.

"அங்கிள், எனக்கு நல்லது செய்யிறதெண்டு நினைச்சோ சொன்னீங்கள்?"

"ஆமாங்க."

"நோகுது எண்டு சொன்னால் எனக்கு வேலை இருக்கு. எங்கை, எவ்வளவு எண்டு பார்த்துத் திருத்துவன். அதைத்தானே படிக்கிறன்! நோகேல்லை எண்டால் நான் என்னத்தைப் படிக்கிறது?"

"தப்புத்தாங்க."

"வெத்திலையும் பொய்யோ?"

"வெத்திலையும் பொய்ங்க."

"ஐயோ, பத்து நிமிசம் பிரசங்கம் வைச்சனான்!"

"நல்லா இருந்துச்சுங்க. தெரிஞ்ச ரெண்டு பேருக்குச் சொல்லியிருக்கேன்."

கோபத்தை வைத்திருக்க அவள் எவ்வளவோ பார்த்தாள். முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

மறுபடியும் அச்சு எடுத்தாள். பிளேட் திருந்தி வரும்வரை நான்கு நாள் பழைய ஆளாகத் திரிந்தேன். திருந்திய பிளேட்டைக் கொடுக்கும்போது கூடவே ஒரு சின்னக் கொப்பியும் தந்தாள். ஒவ்வொரு நாளும் எங்கே, எப்போது, எதைச் சாப்பிடும்போது வலித்தது என்று எழுதி வர வேண்டும். "உள்ளதை எழுதுங்கோ. எனக்காக ஒரு சொல்லும் குறைக்கப்படாது."

எழுதுவது எனக்குத் தெரியும். ஆனால் இருபத்தாறு வருடமாக ஒரே நடையில் எழுதிய கை. இப்படித்தான் வந்தது: "மேற்படி பிளேட்டானது காலை உணவின்போது இடது ஓரத்தில் சிறு அழுத்தத்தைப் பிரயோகித்தமை அவதானிக்கப்பட்டது. பாண் தொடர்பில் ஆட்சேபனை எதுவுமில்லை. முறுக்கு தொடர்பில் உரிய நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கின்றேன்." அடுத்த முறை போனபோது பிள்ளை அதை நின்றபடி வாசித்தாள். பிறகு நண்பர்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள். புகையிரதக் காவலர் தனக்கும் ஒரு கொப்பி கேட்டார்.

கடைசி நாள் பிற்பகல் மெடம் வந்தார். பெயரைச் சொல்லச் சொன்னார். முழுப் பெயரும் வந்தது. வாயை அகலத் திறக்கச் சொன்னார். பிளேட் இருந்த இடத்தில் இருந்தது. பிறகு பெருவிரலால் ஓரத்தை ஒவ்வோர் இடமாக அழுத்தினார்.

"வலியா?"

"இல்லை."

"இங்கே?"

"இல்லை."

இடது பக்கம் வந்தார். அழுத்தினார். இருந்தது. பெரிய வலி இல்லை, முறுக்கு வலி. வீட்டில் இருந்தால் பொறுத்துக்கொண்டு போய்விடுவேன். பிள்ளை கொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மண்டபத்தில் மற்றவர்கள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு விட்டால் அவளுக்கு வேறு நாள் இல்லை. 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் பேனா திறக்கும். அந்தச் சொல் என் நாக்கின் நுனியில், பழகிய இடத்தில், தயாராகத்தான் இருந்தது.

"வலிக்கிறது, மெடம்," என்றேன். "கொஞ்சம்."

பிள்ளையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மெடம் பிளேட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "நீயே கண்டுபிடி," என்றார்.

பிள்ளை கொப்பியை வைத்துவிட்டு, வெள்ளைப் பசையை ஓரத்தில் பூசி, வாயில் வைத்து, அழுத்தி, எடுத்தாள். ஓர் இடத்தில் மட்டும் பசை கடுகளவு அழிந்திருந்தது. அந்தக் கடுகளவை மெஷினால் இரண்டே தொடுதலில் எடுத்தாள். மினுக்கினாள். கழுவினாள். மறுபடியும் வைத்து, தானே பெருவிரலால் அழுத்தினாள்.

"இப்ப, அங்கிள்?"

"இப்ப இல்லைங்க."

இருவரும் என்னை நம்பவில்லை. விளக்கை இழுத்து, உதட்டைத் தூக்கி, இரண்டு தலைகளும் என் வாய்க்கு மேலே ஒன்றாகக் குனிந்தன. என் வாக்கை இவ்வளவு அக்கறையோடு யாரும் சந்தேகித்தது கிடையாது. அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருக்கலாம் போல இருந்தது. மெடம் நிமிர்ந்தார். பேனாவைத் திறந்தார். கொப்பியில் ஒப்பமிட்டு, திகதி போட்டு, பிள்ளையிடம் கொடுத்தார்.

"நல்ல கை," என்றார். அவ்வளவுதான். பிள்ளை அந்தப் பக்கத்தை மூடாமல் அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மை அவளுடைய வெள்ளைக் கோட்டில் பட்டிருக்கும்.

கோப்புக்கு ஒரு படம் மட்டும் மிச்சமிருந்தது. அவள் கமெராவைத் தூக்கினாள்.

"பல் தெரியச் சிரியுங்கோ."

சிரித்தேன்.

"அங்கிள், இது கடிக்கப் போற மாதிரி இருக்கு."

மறுபடியும் முயன்றேன்.

"இது அழுகிற மாதிரி."

பல் வந்துவிட்டது, அதைக் காட்டும் வழியைக் கன்னம் மறந்திருந்தது. இதற்கிடையில் மெடம் மேசையில் கிடந்த என் சின்னக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். தமிழ் வாசிக்கத் தெரியாது அவருக்கு. இந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் நேற்று இங்கே எல்லோரும் சிரித்தார்களா, இதில் என்னதான் இருக்கிறது என்று பிள்ளையிடம் கேட்டார். கமெராவை இறக்காமலே அவள் சிங்களத்தில் சொன்னாள்: முறுக்கு தொடர்பில் உரிய நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறாராம்.

மெடத்தின் தோள் குலுங்கியது. பிறகு அவர் வாய்விட்டே சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் முகத்தில் ஏதோ அவிழ்ந்தது. 'கிளிக்' என்று சத்தம் கேட்டது.

பிள்ளை படத்தைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"ஒண்டு காணும், அங்கிள். இனி வேண்டாம்."

"இன்னொன்னு எடுங்க, டொக்டர்," என்றேன்.